செயற்கைத் தசையும் வீணாகும் மின்சாரமும்

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பார்கள். ஆடிக் கிருத்திகையன்று காவடி சுமந்து ஏறுபவர், மேலே போய்ச் சேரும்போது வியர்வையில் நனைந்திருப்பார். தசை செலவிடும் ஆற்றலில் சுமார் நான்கில் ஒரு பங்குதான் ஏறுகிற வேலைக்குப் போகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். மனிதன் செய்த செயற்கைத் தசைக்கும் இதே தொல்லைதான். ஒரே வித்தியாசம், அதற்கு வியர்க்காது. சூடேறிப் பொசுங்கிவிடும்!

அதென்ன செயற்கைத் தசை? மெல்லிய ரப்பர் தகடு ஒன்று. அதன் இரு பக்கமும் மின்முனைகள். மின்னழுத்தம் கொடுத்தால் எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் நசுங்கி, பக்கவாட்டில் விரியும். மின்னூட்டத்தை எடுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். மோட்டார், பல்சக்கரம் எதுவும் தேவையில்லை.

இதை முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் வில்லெம் ரான்ட்ஜன். 1895-ல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தாரே, அவரேதான். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பு, 1880-ல், ஒரு மீட்டர் நீள ரப்பர் பட்டையைத் தொங்கவிட்டு, கீழே எடை கட்டி, அதன்மேல் மின்னூட்டத்தைப் பரப்பினார். பட்டை சில சென்டிமீட்டர் நீண்டது. உலகம் அதைக் கவனிக்கவில்லை.

120 ஆண்டுகள் கழித்து, 2000-ல், அமெரிக்காவின் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தைச் சேர்ந்த ரான் பெல்ரின் குழுவினர், முன்கூட்டியே இழுத்துப் பிடித்த அக்ரிலிக், சிலிகான் தகடுகள் 100 சதவீதத்துக்கும் மேல் விரிவதைக் காட்டினார்கள். அந்த அக்ரிலிக் கடையில் விற்கிற ஒட்டுநாடாதான்.

அந்த உற்சாகத்தில் 2005-ல் சான் டியேகோவில் ஒரு பஞ்சா பந்தயம் நடந்தது. மூன்று செயற்கைக் கைகளும் ஒரு பள்ளி மாணவியிடம் தோற்றன. அதிகம் தாக்குப்பிடித்த கை 26 விநாடிகள் நின்றது. அசைவது வேறு, உழைப்பது வேறு என்பது புரிந்தது.

உழைப்புக்குக் குறுக்கே நிற்பவற்றில் முக்கியமானது இழப்பு. அது பல வழிகளில் நடக்கிறது. முதலாவது கசிவு. ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில் ரப்பர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் ஒழுகும். ஒழுகினால் சூடாகும், சூடானால் இன்னும் ஒழுகும். கடைசியில் தகட்டில் ஓட்டை விழும். இரண்டாவது, மின்புலம் மாறும்போதெல்லாம் பாலிமர் மூலக்கூறுகள் பின்தங்கித் திரும்புவதால் வரும் இழப்பு. மூன்றாவது மின்முனையின் தடை. நான்காவது ரப்பரின் பிசுபிசுப்பு. அக்ரிலிக் நன்றாக விரியும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றலை விழுங்கும். சிலிகானில் அந்த இழப்பு குறைவு, அதனால் விரைவாக இயங்கும்.

மருந்துகளும் ஒவ்வொன்றாக வந்தன. 1998-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிமிங் ஜாங் குழு, ஃபுளூரின் கலந்த ஒரு பாலிமர்மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, மூலக்கூறுகள் பின்தங்குவதை வெகுவாகக் குறைத்தது. 2008-ல் கலிஃபோர்னியாவில் சிபிங் பெய் குழு கார்பன் நானோகுழாய் மின்முனையைப் பயன்படுத்தியது. ஓட்டை விழும் இடத்தில் மின்முனை தானே எரிந்து விலகிக்கொள்ளும், தசை தொடர்ந்து வேலை செய்யும்.

குறுக்குவழியும் உண்டு. ரப்பரில் கடத்தும் துகளைக் கலந்தால் குறைந்த வோல்ட்டே போதும். ஆனால் அளவு கூடினால் கசிவும் கூடும். திருத்தணிக்குப் பக்கத்திலுள்ள அரக்கோணத்தில் டயர் ஆலை இருக்கிறது. டயர் ரப்பரில் வலிமைக்காகக் கலக்கும் கரித்தூளே மின்சாரத்துக்கும் வழிவிடும். டயருக்கு நல்லதாக இருப்பது தசைக்கு ஆபத்து. அதனால் பலர் தகட்டை மெலிதாக்கும் வழியில் போனார்கள். 2019-ல் சுவிட்சர்லாந்தின் லொசான் ஆய்வாளர்கள் செய்த பூச்சி ரோபோ 450 வோல்ட்டிலேயே ஓடியது.

இன்னொரு வழி சேமிப்பு. தகட்டில் ஏற்றும் ஆற்றலில் பெரும்பகுதி வேலையாக மாறுவதில்லை, மின்தேக்கியில் இருப்பதுபோல் தங்கிவிடுகிறது. தசை தளரும்போது அதை வடித்துவிடாமல் திரும்ப எடுத்து, அடுத்த இழுப்புக்குக் கொடுக்கும் மின்சுற்றுகள் உண்டு.

இவ்வளவு பாடு எதற்கு? 2021-ல் சுவிட்சர்லாந்தில், பலவீனமான இதயத்துக்கு உதவும் ரப்பர் வளையம் ஒன்று பன்றியின் மகாதமனியில் சோதிக்கப்பட்டது. இதயம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கும். அதனோடு சேர்ந்து துடிக்கும் வளையத்தில், ஒரு துடிப்பில் துளி மின்சாரம் வீணானாலும் அதை ஒரு லட்சத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். பேட்டரி தீருவதும் உடலுக்குள் சூடேறுவதும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 1880-ல் ரப்பரை அசைக்க ஒரு சோதனை போதுமானதாக இருந்தது. அதை வீணாக்காமல் அசைக்கும் வேலை இன்னும் முடியவில்லை.