குண்டு விழுந்த எல்லையும் பந்து உருளும் வெளியும்

கடலூரின் கிழக்கே, கெடிலம் கடலோடு கலக்கும் இடத்தை அடுத்துத் தேவனாம்பட்டினம் என்னும் பழைய ஊர் உள்ளது. கடற்கரையில் வணிகத்தால் வளர்ந்த ஊரைப் பட்டினம் என்று வழங்குவது தமிழர் மரபு. காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம் என்னும் பெயர்களின் வரிசையில் தேவனாம்பட்டினமும் வைத்து எண்ணத்தக்கது. இவ்வூரின் பெயர் மேனாட்டார் நாவில் திரிந்து 'தெக்னபட்டம்' என்று அவர்தம் ஏடுகளில் இடம்பெற்றது. தறியில் நெய்த துணியை நாடி டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இக்கரைக்கு வந்தனர். அந்நாளில் செஞ்சிக் கோட்டையிலிருந்து இப்பகுதியை ஆண்டவர் மராட்டியர். 1690-ஆம் ஆண்டில் இராஜாராம் இங்கிருந்த சிறு கோட்டையை ஆங்கிலக் கம்பெனியார்க்கு விற்றார். சென்னையில் அப்போது கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் சூட்டப்பெற்றது.

அந்த விற்பனையில் விந்தையான நிபந்தனை ஒன்று இருந்தது. கோட்டை மட்டுமன்று, கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவு வரையிலுள்ள ஊர்களும் வாங்கியவர்க்கே உரியன என்பதே அது. சங்கிலி பிடித்து அளக்கவில்லை. எல்லைக்கல் நட்டுத் தொடங்கவில்லை. 1690 செப்டம்பர் 23-ஆம் நாள் பல திசைகளிலும் பீரங்கி முழங்கிற்று. குண்டு சென்று விழுந்த எல்லைக்குள் அடங்கிய நிலமெல்லாம், கடலூர் நகரம் உட்பட, கம்பெனியின் உடைமை ஆயிற்று. இவ்வாறு கைமாறியவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன. தேவனாம்பட்டினத்தை அடுத்துக் குண்டு உப்பலவாடி என்னும் சிற்றூர் இன்றும் உள்ளது. கடலூர் நகரில் குண்டு சாலை என்றொரு சாலையும் உண்டு. மூன்று நூற்றாண்டு கடந்த பின்னும் அந்த முழக்கம் ஊர்ப்பெயரில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

அன்று அந்நிலத்தில் நெய்து கொண்டிருந்தவனையும், வலை உலர்த்திக் கொண்டிருந்தவனையும், மாடு மேய்த்துக் கொண்டிருந்தவனையும் யாரும் கேட்கவில்லை. காலையில் ஒருவர் நிலத்தில் எழுந்தவர்கள் மாலையில் வேறொருவர் நிலத்தில் படுத்தார்கள். வெளியாகக் கிடக்கும் நிலம் யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு, குண்டு விழும் இடமே விடையாக அமைந்தது.

பீரங்கிக் குண்டைப் பற்றிப் பேசத் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வேறொரு சிறு குண்டைப் பற்றியது. அது கோல்ப் ஆட்டத்தின் வெள்ளைப் பந்து. எடை ஏறத்தாழ 46 கிராம். குறுக்களவு 43 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மட்டையால் அதனை அடித்து, நெடுந்தொலைவு கடத்தி, நாலங்குலத்துக்குச் சற்று மிகுந்த வாயுடைய குழியில் விழச்செய்ய வேண்டும். இவ்வாறு பதினெட்டுக் குழிகள். குறைந்த அடிகளில் முடிப்பவர் வென்றவர். நம் சிறுவர்கள் தெருவில் ஆடும் கிட்டிப்புள்ளுக்குத் தெருவின் அகலம் போதும். கோல்ப் ஆட்டத்துக்கோ நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் வேண்டும். ஆதலின் இவ்வாட்டத்தின் வரலாறு ஒருவகையில் நிலத்தின் வரலாறே ஆகும். பந்து எங்கே விழுகிறது என்பதைவிட, அது விழும் வெளி யாருடையது என்பதே அதில் பெரிய கேள்வி.

ஆட்டம் தோன்றிய இடத்தை முதலில் நோக்குவோம். ஸ்காட்லாந்தின் கீழைக் கரையில், உழுநிலத்துக்கும் கடலுக்கும் இடையே, மணல்மேடும் குறும்புல்லும் விரவிய நிலப்பகுதிகள் உண்டு. அவற்றை அந்நாட்டார் லிங்க்ஸ் என்பர். நம் முன்னோர் வகுத்த ஐந்திணையில் வைத்தால் அது நெய்தல் நிலம். உழவுக்கு உதவாத அந்நிலத்தில் ஊரார் ஆடு மேய்த்தனர், துணி உலர்த்தினர், வில் பழகினர், பந்தும் ஆடினர். நம் கிராமத்து மேய்க்கால் புறம்போக்குக்கு நிகரான பொதுநிலம் அது. அங்கே கோல்ப் பெருகி, வில் பயிற்சி குன்றியது கண்டு, 1457-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் ஆட்டத்தையே தடை செய்தது. மன்னனின் போர்த்தொழில் கெடும் அளவுக்குப் பொதுமக்கள் ஆடிய ஆட்டம் அது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அக்கரையில் ஈடன் ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்துள்ள ஊர் செயின்ட் ஆண்ட்ரூஸ். கெடிலமும் கடலும் கூடும் நம் தேவனாம்பட்டினத்தைப் போலவே அதுவும் ஆறும் கடலும் கூடும் இடம். 1552-ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பேராயர் ஹாமில்டன் சாசனம் ஒன்று வழங்கினார். கரைநிலத்தில் முயல் வளர்க்க இசைவு பெற்றதோடு, அங்கே கோல்ப் ஆடவும் மேய்க்கவும் நகரமக்களுக்குள்ள உரிமையையும் அச்சாசனம் உறுதி செய்தது. 1764-இல் இருபத்திரண்டு குழிகள் பதினெட்டாகச் சுருக்கப்பட்டன. அதுவே பின்னர் உலகெங்கும் அளவாயிற்று.

ஆயினும் சாசனம் இருந்தும் நிலம் கைநழுவிற்று. 1797-ஆம் ஆண்டில் நகரசபை கடன்பட்டு நொடித்து அந்நிலத்தை விற்றது. முயல் வாணிகர் கைக்கு அது சென்றது. பந்து உருளும் பசுந்தரையெங்கும் முயல் வளைகள் மலிந்தன. ஆடுவோருக்கும் முயல் வளர்ப்போருக்கும் நீதிமன்றத்திலும் வெளியிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பூசல் நடந்தது. 1821-இல் ஜேம்ஸ் சீப் என்னும் நிலக்கிழார் அதனை வாங்கி ஆட்டத்தைக் காத்தார். 1894-இல் தனிச்சட்டம் ஒன்றின் வழி நகரசபை மீண்டும் நிலத்தைப் பெற்றது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை அதனை மக்கள் சார்பில் பேணி வருகிறது.

இன்று அங்கே ஆடச் செல்வோர் பெறும் அனுபவம் எத்தகையது? பலரும் பெயரைக் கொடுத்துச் சீட்டுக் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். முதற்குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் உரிய தரையின் குறுக்கே ஊர்ப்பாதை ஒன்று செல்கிறது. கிழவி ஒருத்தி நாயை நடத்திச் சென்றாலும், உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரன் மட்டையைத் தாழ்த்தி நிற்கத்தான் வேண்டும். பெரும்பந்தயங்கள் தவிர்ந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய திடலில் ஆட்டமே இல்லை. அன்று ஊரார் குடும்பத்தோடு அங்கே உலாவுவர். ஆட்டம் விருந்தாளி, ஊரே வீட்டுக்காரர் என்னும் முறை அங்கே நிலைத்திருக்கிறது.

இவ்வாட்டம் நம் நாட்டுக்கு வந்தபோது அந்த முறை உடன் வரவில்லை. கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டில் கோல்ப் சங்கம் தோன்றிற்று. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய சங்கங்களுள் அது மிகப் பழமையானது. பெங்களூரில் 1876-இலும் கொடைக்கானலில் 1895-இலும் சங்கங்கள் எழுந்தன. உதகையிலும் கிண்டியிலும் திடல்கள் அமைந்தன. தாயகத்தில் கொல்லனும் தச்சனும் ஆடிய ஆட்டம் இங்கே வேலிக்குள் நுழைந்தது. வேலிக்குள் நம்மவர் பலர் நெடுங்காலம் மட்டைப் பையைத் தோளில் சுமந்தே நுழைய முடிந்தது. சென்னையில் 1873-இல் நிறுவப்பெற்ற காஸ்மாபாலிடன் சங்கம், வெள்ளையரும் இந்தியரும் ஒருங்கே கூடுதற்கென எழுந்தது. அச்சங்கம் 1930-களில் தனக்கெனக் கோல்ப் திடல் அமைத்தபோது நம்மவர்க்கு ஒரு வாயில் திறந்தது. அதுவும் உறுப்பினர்க்குரிய வாயிலே.

கொழும்பு நகரின் வரலாறும் இங்கு எண்ணத்தக்கது. 1879-இல் தோன்றிய கொழும்பு கோல்ப் சங்கத்தார் முதலில் கடலோரத்துக் காலிமுகத் திடலிலேயே ஆடினர். ஊரார் உலாவும் வெளியில் பந்து பறந்தது. 1896-இல் அவர்கள் பொரளைப் பக்கம் தனித்திடலுக்குப் பெயர்ந்தனர். காலிமுகத் திடலோ மக்கள் காற்று வாங்கும் வெளியாகவே நின்றுவிட்டது. ஆட்டமும் பொதுமக்களும் பிரிந்து போன கதை அது.

வேலியின் கொடுமையை மிகத் துலக்கமாகக் காட்டுவது கடல் கடந்த ஒரு நிகழ்ச்சி. 1860-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதன் பின் அந்நகரில் தமிழர் உள்ளிட்ட இந்தியர் வாழ்வு வேரூன்றிற்று. அங்குப் பிறந்த இந்திய மரபினர் சியூசங்கர் சியூகோலம். பாப்வா என்பது அவர் செல்லப்பெயர். எழுத்தறியாதவர், மட்டை சுமந்து ஆட்டம் கற்றவர். கைகளை மாற்றிப் பிடிக்கும் அவர் முறை எந்த நூலிலும் இல்லாதது. 1959-இலும் 1960-இலும் 1964-இலும் டச்சு நாட்டுப் பெரும்போட்டியை வென்றார். 1963-இல் டர்பன் கன்ட்ரி சங்கத்தில் நேட்டால் போட்டியையும் வென்றார். வெள்ளையர் கட்டடத்துக்குள் இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று பரிசு பெற்றார். அந்தப் படம் உலகெங்கும் பரவி, நிறவெறியின் முகத்தைக் காட்டிற்று. பந்து குழியில் விழுந்ததை மறுக்க இயலவில்லை. ஆடியவனை உள்ளே அழைக்க மட்டும் மனம் இல்லை.

நம் நாட்டிலும் மட்டை சுமந்தோர் மரபு ஆட்டத்தை வளப்படுத்தியது. 1991-இல் இந்திய ஓப்பன் போட்டியை வென்ற அலி ஷேர் டெல்லியில் மட்டை சுமந்தவர். 2009-இல் அப்போட்டியை வென்ற சின்னசுவாமி முனியப்பா பெங்களூரில் அவ்வாறே தொடங்கியவர். வேலிக்குள் ஏவலராய் நுழைந்தவர்கள், ஏவியவர்களை விஞ்சி ஆடினார்கள். எனினும், சுமையைத் தூக்கினால்தான் புல்லை மிதிக்கலாம் என்னும் நிலை ஒரு நாட்டின் விளையாட்டுக்குப் பெருமை தருவதாகாது.

ஆதலின் பொதுத் திடல் என்னும் கருத்து நம் கவனத்துக்குரியது. டெல்லியில் குதுப் மினாருக்கு அண்மையில், லாடோ சராய் என்னுமிடத்தில், டெல்லி வளர்ச்சி ஆணையம் நடத்தும் திடல் நாட்டின் முதற் பொதுத் திடலாக அறியப்படுவது. உறுப்பினர் ஆவதற்குப் பல்லாண்டு காத்திருக்க வேண்டிய சங்கம் அதே நகரில் உண்டு. இங்கோ கட்டணம் செலுத்தியவர் எவரும் ஆடலாம்.

பொதுத் திடலில் ஆடுவோர் குறைகள் உலகெங்கும் ஒரே வகையின. கூட்டம் மிகுதி, முன்னே செல்வோர் தொடக்கநிலையினராயின் பின்னே வருவோர் ஒவ்வொரு குழியிலும் காத்திருக்க வேண்டும், நான்கு மணி நேரத்தில் முடிய வேண்டிய ஆட்டம் ஐந்தைத் தாண்டும், பலர் கால் பட்டுப் புல் தேயும். தனியாக வந்தவரை முன்பின் அறியாத மூவரோடு சேர்த்து அனுப்புவர். இவையெல்லாம் உண்மை. ஆனால் அக்குறைகளுக்குள்ளேயே அதன் சிறப்பும் அடங்கியிருக்கிறது. ஓய்வுபெற்ற எழுத்தரும், கடை வைத்திருப்பவரும், கல்லூரி மாணவனும் பதினெட்டுக் குழிகள் சேர்ந்து நடக்கிறார்கள். இவ்வாட்டத்தில் தன் அடிகளைத் தானே எண்ணிச் சொல்லும் வழக்கம் உண்டு. அறியாதவர் சொல்லும் எண்ணை நம்பியே ஆட வேண்டும். பறித்த புல்லைத் தானே பதித்துச் செல்லவேண்டும். பின்னால் வருபவன் யாரென்று தெரியாமலே அவனுக்காகத் தரையைச் செம்மை செய்யவேண்டும். பொதுவாழ்வின் பண்பு இதனினும் வேறு உண்டோ?

தமிழகத்திலும் இக்கேள்வி அண்மையில் எழுந்தது. கிண்டிக் குதிரைப் பந்தயத் திடல், அதன் நடுவே கோல்ப் ஆடுமிடம் ஆகியவை அடங்கிய நிலம் ஏறத்தாழ 160 ஏக்கர். 1945-இல் ஆண்டுக்கு 614 ரூபாய் 13 அணா வாடகையில், தொண்ணூற்றொன்பது ஆண்டுக்குப் பந்தயச் சங்கத்துக்குக் குத்தகையாக விடப்பட்டது அது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை முடித்து நிலத்தை மீட்க முற்பட்டது. நீதிமன்றத்தில் வாதங்கள் எழுந்தன. பூங்காவும் நீர்நிலைகளும் அமையும் என்று அறிவிக்கப்பட்டது. வெள்ளத்தால் வருந்தும் வேளச்சேரிப் பகுதிக்கு நீர்நிலையின் பயனை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இங்கே என் கருத்தைக் கூறிவிடுகிறேன். நூறு ஏக்கர் நிலத்தையும் அதற்கு ஊற்றும் நீரையும் சில நூறு பேர்க்கென ஒதுக்குவது நியாயமன்று. ஆட்டத்தை அடியோடு விலக்கினால்தான் நிலம் பொதுவாகும் என்பதும் பொருந்தாது. பந்தடிக்கும் இடம் ஒருபுறமும் உலாவும் பாதை மறுபுறமுமாக, வாரத்தில் ஒரு நாள் முழுவதும் மக்களுக்கே உரியதாக வைத்துப் பேணும் நெறி செயின்ட் ஆண்ட்ரூஸில் நடைமுறையில் உள்ளது. அதனை நம் ஊரின் வெப்பத்துக்கும் நீர்வளத்துக்கும் ஏற்பச் சிறிதாக அமைத்தல் இயலும். ஒன்பது குழி போதும். கழிவுநீரைத் தூய்மை செய்து பாய்ச்சினால் போதும்.

கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானம் இருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் வெள்ளிக் கடற்கரை இருக்கிறது. அங்கே சிறுவர் கிரிக்கெட் ஆடுகிறார்கள், முதியோர் நடக்கிறார்கள், மீனவர் வலை உலர்த்துகிறார்கள். அனுமதிச் சீட்டு யாரும் கேட்பதில்லை. இத்தகைய வெளிகள் தாமாகவே நிலைத்து நிற்பதில்லை. சாசனம் இருந்த ஸ்காட்லாந்து ஊரிலேயே கடன் ஒன்று வந்ததும் அது விலைபோயிற்று. மீட்க ஏறக்குறைய நூறு ஆண்டாயிற்று. சாசனம் இல்லாத நம் ஊர்களில் விழிப்பு ஒன்றே வேலி. புனித டேவிட் கோட்டையை 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கைப்பற்றி இடித்தான். குண்டு எறிந்து நிலம் கொண்டவர்களின் மதில் சிதைந்து, சில சுவர்களே எஞ்சின. கடற்கரை வெளியோ மக்களிடம் இருக்கிறது. அதனை அவ்வாறே அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது நம் கடமையாகும்.