பெயரில்லாத முகங்கள்

அந்தத் துரையைக் கண்டதும் வயநாட்டுப் பணியர் பெண்கள் எடுத்தார்களாம் ஓட்டம். தங்களில் நல்ல உருப்படிகளாகப் பொறுக்கி, பஞ்சடைத்து, மெட்ராஸ் மியூசியத்தில் நிறுத்திவிடுவார் என்று பயம்!

துரையின் பெயர் எட்கர் தர்ஸ்டன். 1885-ல் எழும்பூர் மியூசியத்தின் கண்காணிப்பாளராக வந்தவர். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம், அதே மியூசியம்தான். இந்த ஓட்டக் கதையை வேடிக்கையாக எழுதிவைத்தவரும் அவரேதான். ஊர் ஊராகப் போய் ஜனங்களின் மூக்கை நீளம், அகலம் என்று கருவி வைத்து அளந்தார். போட்டோவும் பிடித்தார். 1909-ல் ரங்காச்சாரியின் உதவியோடு ஏழு வால்யூம்கள் வந்தன. புரட்டிப் பாருங்கள்... முகத்துக்குக் கீழே பெரும்பாலும் சாதிப் பெயர்தான் இருக்கும். ஆளின் பெயர் இருக்காது.

பணியர்கள் நல்ல கறுப்பு, சுருட்டை முடி. கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள் என்று தோட்டக்கார வெள்ளையர்கள் நம்பியதையும் தர்ஸ்டன் குறித்திருக்கிறார். (கறுப்பு என்றால் வெளியூர்க்காரராம். நம் ஊரில்!)

நிஜமான ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண் ஒருவர், தர்ஸ்டன் இங்கே வருவதற்கு இருபது வருடம் முன்பே, கேமராவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து விடுதலையான சோஜர்னர் ட்ரூத். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கண்ணாடி அணிந்து, கையில் பின்னல் நூலோடு ஸ்டூடியோவில் உட்கார்ந்து எடுத்த படத்துக்கு 1864-ல் தன் பெயரிலேயே காப்புரிமை வாங்கினார். கூட்டங்களில் அட்டை அட்டையாக விற்றார். தன் நிழலை விற்றுத்தான் வயிறு வளர்க்கிறேன் என்கிற அர்த்தத்தில் படத்தின் கீழேயே அச்சடித்திருந்தார். பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்தக் கணக்கு ரொம்பவே பிடிக்கும். முதல் யாருடையதோ, லாபமும் அவருக்கே!

நம் ஸ்டூடியோக்களில் நடந்ததோ வேறு கூத்து. பவுடரை அப்பி, பளீரென லைட்டைப் போட்டு, அதுவும் போதாமல் நெகட்டிவ்வில் பென்சில் டச்சப் செய்வார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற போட்டோவில் பெண் இரண்டு ஷேடு ஏறியிருப்பாள். கம்ப்யூட்டர் வந்ததும் பென்சில் போய் மவுஸ் வந்தது, அவ்வளவுதான்.

எம். பழனிக்குமார் அந்த வேலையெல்லாம் செய்வதில்லை. ராமநாதபுரம் மாவட்டம் பாரதி நகரில், விரல்களில் துணி சுற்றி, ரப்பர் உறை மாட்டிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களை அவர் எடுத்த படங்கள் 2019-ல் வெளியாயின. உப்புத் தண்ணீரும் வெயிலும் பட்ட நிறம் அப்படியே இருக்கிறது. யார் அவர், என்ன பெயர், கடலைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்பதும் கூடவே இருக்கிறது. மதுரையில் மீன் வியாபாரம் செய்த தன் அம்மாவையும் பழனிக்குமார் அப்படியேதான் எடுத்திருக்கிறார்.