கணினிக்குள் ஒரு தண்டல்



நம் தாத்தா காலத்துத் தோட்டத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். துரை பேசுவது இங்கிலீசு. கொழுந்து கிள்ளும் பாட்டிக்குத் தெரிந்தது தமிழ். நடுவில் கிராணியாரும் தண்டலும் நின்று, அங்கே சொன்னதை இங்கே சொன்னார்கள். நடுவில் நிற்பவர் தப்பாகச் சொல்லிவிட்டால் அன்றைய சம்பளமே போச்சு!

கணினிக்குள்ளும் இதே கதைதான். இயந்திரத்துக்குப் புரிவது 0, 1 மட்டுமே. மனிதர் எழுதும் குறிகளை அதன் கட்டளையாக மாற்றித் தரும் ஏ-0 என்ற நிரலை 1952-இல் கிரேஸ் ஹாப்பர் என்னும் அமெரிக்க அம்மையார் உருவாக்கினார். 1957-இல் ஃபோர்ட்ரான் வந்தது. பிறகு டென்னிஸ் ரிச்சி தந்த சி மொழி. 1991-இல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட பைத்தான், அந்த சி மொழியின் தோளில் ஏறி நிற்பது.

அந்தப் பைத்தானின் தோளில் ஏறியது நம் தமிழ்! முத்தையா அண்ணாமலை என்பவர் உருவாக்கிய 'எழில்' மொழி பற்றிய கட்டுரை 2009-இல் வெளியானது. "பதிப்பி" என்று தமிழிலேயே எழுதினால் கணினி திரையில் காட்டும். நிபந்தனைக்கு "ஆனால்", "இல்லை", பகுதியை முடிக்க "முடி". நாம் எழுதியதைப் பைத்தானில் எழுதிய ஒரு நிரல் படித்து வேலையை முடிக்கும். தமிழ் பைத்தானிடம், பைத்தான் சியிடம், கடைசியில் இயந்திரம். தண்டல், கிராணி, துரை மாதிரியே, வரிசைதான் தலைகீழ்.

ஒரு மொழியின் நிரல் இன்னொரு மொழியின் நிரலைத் தனியாக ஓடவிடுவதும் உண்டு. அங்கேதான் கவனம் வேண்டும். திரும்பி வரும் விடை வெறும் எழுத்தாக வரும். 10 என்று வந்தாலும் அது எண் அல்ல. எண்ணாக மாற்றாமல் 10-ஐயும் 5-ஐயும் சேர்த்தால் 15 வராது, 105 என்று வரலாம், அல்லது பிழை என்று நின்றுவிடும். வேலை ஒழுங்காய் முடிந்ததா என்பதற்கும் ஓர் எண் வரும். 0 வந்தால் எல்லாம் நலம்! பரீட்சைத் தாளுக்கு நேர்மாறு, பிள்ளைகளே.

"இது தமிழ் வேட்டி கட்டிய பைத்தான்தானே?" என்று சிலர் கேலி செய்கிறார்கள். இருக்கட்டுமே! மேல்படிப்புக்கு இங்கிலீசு வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு, தான் வீட்டில் பேசும் சொல்லைக் கேட்டு இயந்திரம் வேலை செய்வதைப் பார்க்கக் கிடைக்கிறது. நம் பாட்டிக்குத் துரையிடம் நேராகப் பேசக் கிடைக்கவே இல்லை.