உப்புக்காற்று தாங்காத மரக்கடிகாரம்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம் காட்டூர்ப் பக்கம் மரக்கதவு உப்பிப்போய்ச் சாத்த வராது. பல்சக்கரம் முழுவதும் மரத்திலேயே செய்த கடிகாரம் இங்கே ஓடியிருக்குமா?

அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தில் அப்படித்தான் செய்தார்கள். அங்கே அப்போது பித்தளை விலை அதிகம், மரம் மலிவு. ஈலை டெர்ரி என்பவர் 1807 வாக்கில், 4000 மர இயந்திரங்களை ஒன்று 4 டாலர் வீதம் மூன்று வருடத்தில் தருவதாக ஒப்பந்தம் செய்தார். முதல் வருடம் கருவிகளை அமைக்கவே சரியாகப் போயிற்று. ஆனாலும் சொன்னபடி முடித்துக் கொடுத்தார். தகடு ஓக் மரம், சக்கரம் செர்ரி மரம். 1816 வாக்கில் அலமாரித் தட்டில் வைக்கும் சிறிய கடிகாரத்தைக் கொண்டுவந்தார். அதன் கதவின் கீழ்ப்பாதியில் வண்ணக் கண்ணாடி. வீடு, மரம், பூ என்று பின்பக்கத்திலிருந்து வரைந்திருப்பார்கள். நம் தஞ்சாவூர்க் கண்ணாடிப் படம் மாதிரியேதான்: முன்னால் தெரியவேண்டிய நுணுக்கம் முதலில், பின்னணி கடைசியில். விற்பனை, வண்டியில் வீடு வீடாகப் போய்த் தவணைக்கு. தவணைக்காரர் எந்த நாட்டிலும் உண்டு போலும்!

ஆனால் கடல் தாண்டினால் மரச்சக்கரம் ஈரத்தில் உப்பிவிடும் என்பது அந்தத் தொழிலில் இருந்த சான்சி ஜெரோம் எழுதிவைத்த காரணம். மலிவான பித்தளை இயந்திரம் செய்து 1842-ல் இங்கிலாந்துக்கு அனுப்பினார் அவர். இவ்வளவு குறைந்த விலையா என்று சந்தேகப்பட்ட சுங்க அதிகாரிகள், சொன்ன விலைக்கு மேல் பத்து சதவீதம் போட்டுக் கொடுத்துச் சரக்கைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். ஜெரோமுக்குக் கொள்ளை மகிழ்ச்சி. அடுத்த சரக்கும் அப்படியே போயிற்று. மூன்றாவது தடவைதான் விழித்துக்கொண்டு வழிவிட்டார்கள்.

அதே 1842-ல்தான் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. அமெரிக்க ஐஸ்கட்டியே மரத்தூளுக்குள் பத்திரமாகக் கடல் தாண்டி வந்திருக்கிறது, பாருங்கள். மரக்கடிகாரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிற்காலத்தில் செட்டிநாட்டு வீடுகளில் மாட்டிய அன்சோனியா போன்ற அமெரிக்கக் கடிகாரங்கள் பித்தளை இயந்திரம் கொண்டவை.

இன்று மரக்கடிகாரம் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கண்ணாடியைத்தான். வண்ணம் உதிர்ந்திருந்தாலும் பழைய கண்ணாடிக்கே மதிப்பு. புதிதாக வரைந்து மாட்டினால் விலை இறங்கிவிடும். பெட்டிக்குள் ஒட்டிய அச்சுத்தாளையும் கிழிக்க மாட்டார்கள், செய்தவர் பெயர் அதில்தான் இருக்கும். மரப்பற்களுக்கு எண்ணெய் விடுவதும் இல்லை.

உங்கள் வீட்டில் பழைய கண்ணாடிச் சாமிப் படம் இருந்தால், பொங்கலுக்குச் சுத்தம் செய்யும்போது பின்பக்கம் ஈரத்துணி பட விடாதீர்கள். வண்ணம் துணியோடு வந்துவிடும்.