பிளாக்டவுனின் மூலப்பத்திரம்

சிட்னியிலிருந்து மேற்கே போகும் ரயிலில் ஏறினால் பரமட்டா, வென்ட்வொர்த்வில், துங்காபி, அப்புறம் பிளாக்டவுன் வரும். நம்ம ஆட்கள் நிறையப் பேர் வீடு வாங்கிக் குடியேறிய வழித்தடம் இது. இதில் பரமட்டாவும் துங்காபியும் இந்த மண்ணின் சொற்கள். பரமட்டாவில் இருந்த குலத்தாருக்கு புரமட்டகல் என்று பெயர். விலாங்கு மீன் இருக்கும் இடத்தைச் சேர்ந்தவர்கள் என்று பொருள் சொல்கிறார்கள். ஆனால் பிளாக்டவுன் சுத்தமான ஆங்கிலம். தமிழில் சொன்னால் 'கறுப்பர் ஊர்'. இந்தப் பெயர் எப்படி வந்தது என்று தேடிப் போனால், அது ஒரு பள்ளிக்கூடத்தில் போய் முடிகிறது.

தேட வைத்தது இன்னொரு பள்ளிக்கூடம். நாலாம் வகுப்பு படிக்கும் என் பொண்ணை, பூர்வகுடிகளின் பண்பாட்டையும் நிலத்தையும் அறிய பரமட்டா பூங்காவுக்குச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனார்கள். துணைக்கு வந்த பெற்றோரில் நானும் ஒருத்தன். வழிகாட்டியாக வந்தவர் தாருக் இனத்தைச் சேர்ந்த ஒரு மூத்த பெண்மணி. பசங்க எல்லாரும் அவரை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிட வேண்டும். நம்ம ஊரில் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடும் ஆன்ட்டி மாதிரி இல்லை இது. பூர்வகுடிகளிடம் அது மூத்தவர்களுக்கான மரியாதைப் பட்டம்.

முதலில் 'வராமி' என்று வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்தார். பிறகு தழும்புள்ள ஒரு பழைய மரத்தடியில் நிறுத்தினார். அந்தக் காலத்தில் ஓடத்துக்கும் கேடயத்துக்கும் ஏந்து பாத்திரத்துக்கும் மரப்பட்டையை உரித்து எடுப்பார்கள். மரத்தைச் சுற்றி முழுவதும் உரித்தால் மரம் செத்துப்போகும். வேண்டிய அளவு மட்டும் ஒரு பக்கத்தில் எடுத்தால், தழும்போடு மரம் பிழைத்துக்கொள்ளும். அடுத்து ஆற்றைக் காட்டி விலாங்கின் கதையைச் சொன்னார். வளர்ந்த விலாங்கு ஆற்றை விட்டுக் கடலுக்குப் போய், வடக்கே பவளக் கடல் பக்கம் முட்டையிடும். அதன் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வந்து மறுபடி ஆறு ஏறும்.

அப்போது ஒரு பையன் கேட்டான்: "அந்தக் காலத்துல உங்களுக்கு ஸ்கூல் இருந்துச்சா?"

அவர் ஊர்ப் பக்கம் கை காட்டினார். "இருந்தது. இங்கிருந்து நடந்தே போகலாம். ஆனா உள்ளே போன பிள்ளைகள் சாயங்காலம் வீட்டுக்கு வர முடியாது."

அவர் சொன்ன பள்ளியை ஆளுநர் லாக்லன் மக்வாரி தொடங்கினார். பெயர் 'நேட்டிவ் இன்ஸ்டிடியூஷன்'. 1814 டிசம்பர் 28 அன்று பரமட்டாவில் விருந்து வைத்துப் பூர்வகுடிக் குடும்பங்களை வரவழைத்தார்; அடுத்த மாதம் பள்ளி இயங்கத் தொடங்கியது. வில்லியம் ஷெல்லி என்ற மிஷனரி அதை நடத்தினார். எழுத்து, கணக்கு, பைபிள், பெண்களுக்குத் தையல், ஆண்களுக்கு விவசாயம். விதிகளைப் படித்துப் பார்த்தேன். அதில் ஒன்று: சேர்த்த பிள்ளையைப் பெற்றோரே வந்து கேட்டாலும் திருப்பி அனுப்பக் கூடாது. ஆணுக்கு 16 வயது, பெண்ணுக்கு 14 வயது ஆகும்வரை அங்கேதான்.

இதைத் தனியாகப் படித்தால், நல்லெண்ணத்தில் கொஞ்சம் கண்டிப்பு சேர்ந்துவிட்டது என்று தோன்றும். பக்கத்திலேயே இன்னொரு ஆவணத்தையும் வைத்துப் படிக்க வேண்டும். 1816 ஏப்ரலில் இதே மக்வாரி ராணுவத்தை அனுப்பினார். ஆப்பின் என்ற இடத்தில் குறைந்தது 14 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தப் படைக்குக் கொடுத்த உத்தரவிலேயே, பிடிபடுபவர்களில் இருந்து ஆரோக்கியமான சின்னப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பரமட்டா பள்ளிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கும் படைக்கும் உத்தரவு போட்டது ஒரே கைதான்.

அந்தப் படைகளுக்கு வழிகாட்டியாகப் போன கோல்பீ, நரஜிஞ்சி என்ற இரு தாருக் ஆண்களுக்கு 30 ஏக்கர் நிலம் பரிசாகக் கிடைத்தது. 1823-ல் பள்ளியும் பரமட்டாவை விட்டு அந்த நிலத்துக்கு அருகே மாறியது. பூர்வகுடிகள் இருக்கும் அந்த இடத்தை வெள்ளையர்கள் 'பிளாக் டவுன்' என்றார்கள். 1829-ல் பள்ளி மூடப்பட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பள்ளியில் முதலில் சேர்ந்தவர்களில் ஒரு சிறுமி, கோல்பீயின் தங்கை மரியா. 1819-ல் நடந்த பொதுத் தேர்வில் பூர்வகுடிப் பிள்ளைகள் சுமார் 20 பேர், ஐரோப்பியப் பிள்ளைகள் ஏறக்குறைய நூறு பேர். முதல் பரிசு பூர்வகுடிச் சிறுமி ஒருத்திக்கு; அது மரியாதான் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. 1824-ல் அவர் ராபர்ட் லாக் என்ற ஆங்கிலேயக் கைதியை மணந்தார். அண்ணன் இறந்தபின், 1831-ல், அவருடைய பிளாக்டவுன் நிலம் தனக்கு வர வேண்டும் என்று ஆளுநர் டார்லிங்கிடம் மனு கொடுத்தார். கைக்கு வந்தது 1843-ல். பன்னிரண்டு வருஷம்! 1878-ல் அவர் இறந்ததும் நிலம் பிள்ளைகளுக்குப் போனது. ஆனால் சொந்தப் பட்டா நிலத்தையே அரசு 'பூர்வகுடிகள் ஒதுக்கீடு' என்று கணக்கில் வைத்து, 1920 வாக்கில் பூர்வகுடிகள் பாதுகாப்பு வாரியம் மூலம் பறித்துக்கொண்டது.

இதை நண்பர்களிடம் சொன்னால் உடனே வரும் கேள்வி: "அவங்க நம்ம சொந்தக்காரங்கதானே?" இந்த எண்ணத்துக்கு ஒரு வயதான வேர் உண்டு. கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே ஆஸ்திரேலிய மொழிகளின் பெயர்ச்சொற்பதிலிகளைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஆனால் மொழிக்குடும்ப உறவு இன்றுவரை நிறுவப்படவில்லை. மரபணுவில், இந்தியாவிலிருந்து நாலாயிரம் வருஷம் முன்பு கலப்பு நடந்தது என்று 2013-ல் ஓர் ஆய்வு சொன்னது. ஆண்வழி ஒய் குரோமோசோமை ஆராய்ந்த 2016 ஆய்வு அதற்கு ஆதரவு தரவில்லை. அறிவியல் ஒரு பக்கம் இருக்கட்டும். சொந்தம் கொண்டாடுவதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டால் வந்தேறி என்ற கணக்கில் வர வேண்டாம் அல்லவா?

நம்ம ஊரில் மூலப்பத்திரம் பார்க்காமல், வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் யாராவது ஒரு சென்ட் நிலம் வாங்குவோமா? இங்கே நான் கடன் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் பத்திரத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், அது மன்னர் பெயரில் ஆளுநர் கொடுத்த மானியத்தில் போய் நிற்கும். அதற்கு முன்னால் ஒன்றும் இல்லாதது போல. மரியா கேட்டது அதற்கு முன்னால் உள்ள பக்கத்தை. அதுவும் அவர்கள் பள்ளியில் கற்ற அவர்கள் மொழியிலேயே கேட்டார்.

2018-ல் அந்தப் பள்ளி இருந்த நிலம் தாருக் மக்களின் அமைப்பிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. ஓக்ஹர்ஸ்டில், ரிச்மண்ட் ரோடும் ரூட்டி ஹில் ரோடும் சந்திக்கும் முனையில் இருக்கிறது. பெரிய கட்டடமோ கோபுரமோ கிடையாது, புல்வெளிதான். அந்தப் பக்கம் காரில் போகிறவர்கள் ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்திப் பாருங்கள். இந்த வட்டாரத்தில் உரியவர்களுக்கே திரும்பப் போன ஒரு பத்திரம் அங்கே இருக்கிறது.