பைத்தியக்காரன் சொன்ன செய்தி

வேலூர்ச் சிப்பாய்க் கலகம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது ஒரு தலைப்பாகைதான். புதுமாதிரித் தலைப்பாகை ஒன்று வந்தது. அதில் தோலால் செய்த சின்னம் இருந்தது. சிப்பாய்கள் கொதித்து எழுந்தார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது அவ்வளவுதான். ஆனால் தலைப்பாகை ஒரு துணிச் சுருள். அதை எடுத்துவிடச் சொல்லி ஒரு வரி உத்தரவு போட்டிருந்தால் போதும். அந்த ஒரு வரி ஏன் காலத்தில் வரவில்லை என்று பார்க்கப் போனால், நமக்குக் கிடைப்பது யுத்தக் கதை அல்ல. ஓர் ஆபீஸின் கதை.

அந்த ஆபீஸ் கிழக்கிந்தியக் கும்பெனியின் சென்னை சர்க்கார். பெண்டிங்க் பிரபு கவர்னர். சர் ஜான் கிரடாக் பிரதம சேனாதிபதி. பட்டாளத்து உத்தரவுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பதைக் கண்ட கிரடாக், அவற்றை ஒரே தொகுப்பாக்க அனுமதி கேட்டார். நல்ல யோசனைதானே! கவர்னர் சம்மதித்தார். 1806 மார்ச் 13-ந் தேதி தொகுப்பு வெளியாயிற்று. அதில் பத்தாவது பத்தி ஒன்று இருந்தது. உடுப்புத் தரித்த சிப்பாய் நெற்றியில் சாதிக்குறி இடக் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும். மீசையை ஒரே அளவாக வெட்ட வேண்டும் என்றது அது. 1805-ஆம் ஆண்டின் கடைசியிலேயே தலைப்பாகை உத்தரவும் பிறந்திருந்தது.

இந்தப் பத்தாவது பத்தி புதிது. ஆனால் பழைய விதிகளின் நடுவே சாதுவாக உட்கார்ந்திருந்தது. எல்லாம் நடைமுறையில் உள்ளவைதான் என்று எண்ணி மேலிடம் அங்கீகாரம் கொடுத்துவிட்டது. உத்தியோகத்தில் பழகியவர்களுக்கு இது வியப்பாக இராது. கட்டுக் காகிதம் மேஜைக்கு வந்தால், "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிற துரை குறைவு, "எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்று கேட்கிற துரைதான் அதிகம்.

சிப்பாயை மட்டும் யாரும் கேட்கவில்லை. விபூதியையும் நாமத்தையும் தாடியையும் அவன் உடுப்பின் ஒரு பகுதியாகவா நினைத்தான்? புதுத் தலைப்பாகை வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி இருந்தது. இன்று தொப்பி, நாளைக்கு ஞானஸ்நானம் என்று அவன் பயந்தான்.

மே மாதம் வேலூரில் ஒரு பட்டாளத்தார் அந்தத் தலைப்பாகையை அணிய மறுத்தார்கள். 21 பேரைப் பிடித்துச் சென்னைக்கு அனுப்பி விசாரித்தார்கள். இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி. அவர்களில் ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து. மற்ற 19 பேருக்கும் 500 கசையடி விதித்து, மன்னிப்புக் கேட்ட பிறகு விட்டுவிட்டார்கள். மறுத்த பட்டாளத்தை வேலூரிலிருந்து அகற்றி, திருநெல்வேலிச் சீமையில் திரட்டிய வேறொரு பட்டாளத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பாளையக்காரர் போர் முடிந்து ஐந்தே வருஷம் ஆகியிருந்த சீமை அது.

அதற்குப் பிறகு வேலூரில் ஒரே அமைதி. அடி வாங்கிய குழந்தை மூலையில் வாய் மூடி உட்கார்ந்திருக்கும்போது, "பார், எவ்வளவு நல்ல பிள்ளை!" என்று சொல்லும் தகப்பனைப் பார்த்திருப்பீர்கள். கும்பெனியாரும் அப்படித்தான் மகிழ்ந்து போனார்கள்.

ஜூன் மாத நடுவில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் மேலதிகாரியான கர்னல் போர்ப்ஸிடம் போய், கோட்டைக்குள் சதி நடக்கிறது, வெள்ளையரைக் கொல்லப் போகிறார்கள் என்று சொன்னான். கர்னல் என்ன செய்தார்? விசாரிக்கச் சொன்னார். யாரை? அதே பட்டாளத்து இந்திய அதிகாரிகளை. சதியில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் கூடிப் பேசி, "இவனுக்குப் புத்தி பேதலித்திருக்கிறது" என்று தீர்ப்புச் சொன்னார்கள். முஸ்தபா பேக்கைக் காவலில் போட்டார்கள். கர்னலும் நிம்மதியாகத் தூங்கினார்.

இதற்குள் கிரடாக்கின் மனத்திலும் சந்தேகம் தட்டியது. ஜூன் கடைசியில், உத்தரவைத் திரும்பப் பெறலாமா என்று கவர்னரிடம் யோசனை கேட்டார். ஜூலை முதல் வாரத்தில் பதில் வந்தது: பணிந்து போவது கூடாது, ஆனால் மதத்தில் தலையிடும் எண்ணம் சர்க்காருக்கு இல்லை என்று ஓர் அறிக்கை விடலாம். அறிக்கையும் தயாராயிற்று. ஆனால் எதிர்ப்பெல்லாம் ஓய்ந்துவிட்டதாகக் கீழேயிருந்து செய்தி வந்ததால், அது அவசியமில்லை என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். சிப்பாயின் காதில் விழுந்திருக்க வேண்டிய ஒரே நல்ல வார்த்தை பெட்டிக்குள் தங்கிவிட்டது.

ஜூலை 9-ந் தேதி கோட்டைக்குள் திப்பு சுல்தானின் மகளுக்குக் கல்யாணம். மறுநாள் பொழுது விடியுமுன் துப்பாக்கி வெடித்தது. கோட்டைத் தளபதி பான்கோர்ட் உள்பட நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளையர் மாண்டனர். கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஓர் அதிகாரி, சுமார் 16 மைல் தொலைவில் உள்ள ஆர்க்காட்டுக்கு ஆள் அனுப்பினார். அந்த ஒரு செய்தி மட்டும் தாமதமின்றிப் போய்ச் சேர்ந்தது. கர்னல் கில்லஸ்பி குதிரைப் படையுடன் பறந்து வந்தார். பகல் உச்சிக்கு வருமுன் எல்லாம் முடிந்தது. செத்த சிப்பாய்கள் பல நூறு பேர். பிறகு விசாரணை, சிலர் பீரங்கி வாயில், சிலர் தூக்கு மரத்தில்.

ஒரே வாரத்தில், ஜூலை 17-ந் தேதி, அந்த உத்தரவு ரத்தாயிற்று. மூன்று மாதமாக முடியாத காரியம்!

1807-ல் கவர்னரையும் சேனாதிபதியையும் லண்டனிலிருந்த டைரக்டர்கள் திரும்ப அழைத்துக் கொண்டார்கள். பெண்டிங்க் மட்டும் 1828-ல் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தார்.

தலைப்பாகை மட்டுமே காரணம் என்று சொன்னால் அந்தச் சிப்பாய்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அந்நியன் ஆட்சி மீது வெறுப்பு இருந்தது. வீழ்ந்துபோன மைசூரின் நினைவு இருந்தது. 1857-க்கு முன்னோடியாக அவர்களை நாம் போற்றுவதும், 2006-ல் இருநூறாம் ஆண்டில் தபால்தலை வெளியிட்டதும் தகும். ஆனால் புகைச்சல் நாட்டின் பல பாகங்களிலும் இருந்தது. வேலூரில் அது தீயானதற்கு வேறொரு காரணமும் உண்டு. அங்கே உத்தரவு மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தது. குறை சொல்லும் வாய் மட்டும் முதற்படியிலேயே அடைபட்டது. "இந்தத் தலைப்பாகை வேண்டாம்" என்று வாயால் சொன்னவனுக்கு 900 கசையடி என்றால், அடுத்தவன் வாயால் சொல்லமாட்டான்.

தலைமை உத்தியோகஸ்தரிடம் குமாஸ்தாவோ, முதலாளியிடம் தொழிலாளியோ, மாமியாரிடம் மருமகளோ வந்து மெல்ல ஒரு குறை சொல்லும்போது, அது இன்னும் சிறியதாக இருக்கிறது என்று பொருள். சத்தம் அடங்கிவிட்டதே என்று சந்தோஷப்படுவதற்கு முன், எதனால் அடங்கியது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

முஸ்தபா பேக் என்ன ஆனான்? கலகத்துக்குப் பிறகு கும்பெனியார் அவன் புத்தி தெளிவாகவே இருந்ததாகக் கண்டுகொண்டார்கள். 2,000 பகோடாவும் சுபேதார் பென்ஷனும் கொடுத்தார்கள். அவனை நாம் கொண்டாட வேண்டியதில்லை; அவன் காட்டிக் கொடுக்கத்தான் போனான். ஆனால் தன்னைக் காப்பாற்ற வந்த செய்தியையே நம்பத் தெரியாத ஒரு சர்க்கார், தன்னிடம் நியாயம் கேட்டு வந்தவர்களின் குரலை எப்படிக் கேட்டிருக்கும்?