மரபாகிவிட்ட ஒரு சிகிச்சை: மூளைக்குப் பரவிய சுவாசப்பைப் புற்றுநோயின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், கண்டுபிடிக்கப்பட்ட ஒன்று எவ்வாறு வழக்கமாகின்றது, வழக்கமானபின் அதனை வினாவுக்குட்படுத்த எவ்வளவு காலஞ் செல்கின்றது என்பனவும் வரலாற்று மாணவர் கருத வேண்டியனவேயாம். சுவாசப்பையிலிருந்து மூளைக்குப் பரவிய புற்றுநோய்க்கு அளிக்கப்பட்டுவந்த சிகிச்சை இதற்குத் தக்க சான்றாகும்.

மூளையிற் காணப்படும் பரவற் கட்டிகளுக்கு ஏனைய உறுப்புகளைக் காட்டிலும் சுவாசப்பையே முதன்மையான மூலமாகும். சுவாசப்பையை விட்டு நீங்கும் குருதி இதயத்தின் இடப்பக்கத்தை அடைந்து, அங்கிருந்து நேரே மூளைக்குஞ் செல்கின்றது. மண்டையோட்டுக்குள் இடம் அளவுபட்டது. ஆதலால் சிறிய கட்டியும் அதனைச் சூழ்ந்த வீக்கமும் தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒருபக்கத் தளர்ச்சி ஆகியவற்றைத் தோற்றுவிக்கின்றன.

1895 இல் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தபோதிலும், மூளைப் பரவலுக்கு அக்கதிரை முறையாகப் பயன்படுத்தியமை பற்றிய முக்கியமான அறிக்கை 1954 இலேயே வெளிவந்தது. சாவோ, பிலிப்ஸ், நிக்சன் ஆகிய மூவரும் 38 நோயாளருக்கு மூளை முழுவதற்கும் கதிரளித்து, அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பகுதியினர் துன்பந் தணியப் பெற்றனர் எனக் கூறினர். வேறு வழி எதுவும் இல்லாதிருந்த காலத்தில் இது பெரும் பேறாகவே கருதப்பட்டிருக்கும். முழுமூளைக் கதிர்ச்சிகிச்சை விரைவிற் பரவியது.

ஏழாண்டுகளின் பின், 1961 இல், மினசோற்றாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கலிசிச், பிரெஞ்ச், மெல்பி ஆகியோர் டெக்ஸாமெதசோன் என்னும் மருந்து கட்டியைச் சூழ்ந்த வீக்கத்தை வற்றச் செய்வதனை எடுத்துக்காட்டினர். நினைவிழந்து கிடந்தோர் சில நாள்களிற் கண்விழித்துப் பேசத் தொடங்குவதுண்டு. இங்கேதான் ஒரு சிக்கல் தோன்றியது. அன்று தொட்டு நோயாளருக்கு மருந்தும் கதிரும் ஒருங்கே அளிக்கப்பட்டன. அவர் தேறியபோது, தேற்றியது எது என்பதனைப் பிரித்தறிதல் இயலாதாயிற்று.

1970களில் ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்ற பெரும் ஆய்வுகள் இச்சிக்கலைத் தீர்க்கவில்லை. ஒரு வாரத்தில் 20 கிறே முதல் நான்கு வாரத்தில் 40 கிறே வரை பல்வேறு அளவுகள் ஒப்பிடப்பட்டன. பயனில் மிகுந்த வேறுபாடு காணப்படவில்லை. அவை எவ்வளவு கதிர் வேண்டும் என்று வினவினவேயன்றி, கதிர் வேண்டுமா என்று வினவவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. அளவைக் கூட்டியும் பயன் கூடாதபோதே அவ்வினா எழுந்திருத்தல் வேண்டும்.

இதற்கிடையிற் கருவிகள் வளர்ந்தன. ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த சி.ரி. பொறி 1971 இல் இலண்டனில் முதன்முதல் ஒரு நோயாளரின் மூளையைப் படம்பிடித்தது. கட்டி ஒன்றா பலவா என்பதனைத் திறவாமலே அறிய முடிந்தது. அதன் பயனை 1990 இல் கென்ரக்கிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பச்செலும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்விற் காணலாம். ஒரேயொரு பரவற் கட்டி மட்டும் உடைய 48 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். சத்திரசிகிச்சையும் கதிரும் பெற்றோரின் இடைநிலை வாழ்காலம் 40 வாரம். கதிர் மட்டும் பெற்றோருடையது 15 வாரம். பிறர் உதவியின்றித் தம் கருமங்களைத் தாமே ஆற்றக்கூடியதாயிருந்த காலமோ முறையே 38 வாரமும் 8 வாரமுமாகும். முதலிற் பரிசீலிக்கப்பட்ட 54 பேருள் அறுவருக்குப் பரவற் கட்டியே இல்லை என்பதும் இழையப் பரிசோதனையில் வெளியாயிற்று. படத்தை மட்டும் நம்பியிருந்தால் அவர்களும் பரவற் புற்றுநோயாளராகவே எண்ணப்பட்டிருப்பர்.

லார்ஸ் லெக்செல் 1951 இற் கருதி, 1960களின் பிற்பகுதியில் சுவீடனிற் கருவியாக்கிய காமாக் கத்தி, கட்டியை மட்டுங் குறிவைத்துக் கதிரளிக்க வழி செய்தது. ஆகவே மூளை முழுவதற்குங் கதிரளிப்பதன் விலை என்ன என்ற வினாவும் எழுந்தது. 2009 இல் சாங் முதலானோர் வெளியிட்ட 58 பேரைக் கொண்ட ஆய்வில், குறிவைத்த கதிரோடு முழுமூளைக் கதிரும் பெற்றோரிடையே கற்றலும் நினைவாற்றலும் கூடுதலாகக் குன்றியமை புலப்பட்டமையால், ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. தன் பிள்ளையின் பெயரை மறந்தவர் சில வாரங்கள் கூடுதலாக வாழ்ந்தார் என்பதனை எவ்வாறு கணக்கிடுவது?

சத்திரசிகிச்சைக்கோ குறிவைத்த கதிருக்கோ தகுதியற்ற பெரும்பான்மையோரின் நிலை அப்போதும் ஆராயப்படாமலே இருந்தது. 1970களின் தொடக்கத்தில் நிகழ்ந்த சிறியதோர் ஒப்பீட்டை விட்டால், கதிரைப் பெறாதோருடன் பெற்றோரைப் பெருந்தொகையில் ஒப்பிட்ட ஆய்வு 2007 இலேயே தொடங்கியது. பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நடைபெற்ற 'குவார்ட்ஸ்' ஆய்வு அதுவாகும். சிறுகலமல்லாச் சுவாசப்பைப் புற்றுநோயுடைய 538 பேரைச் சேர்க்க ஏழாண்டுகள் சென்றன. மரபாய் அளிக்கப்பட்டுவந்த சிகிச்சையை ஒரு பிரிவினருக்கு அளியாது விடுவது எளிதாயிருந்திராது. அனைவருக்கும் டெக்ஸாமெதசோனும் பராமரிப்பும் அளிக்கப்பட்டன. ஒரு பிரிவினர் ஐந்து நாளில் 20 கிறே கதிரும் பெற்றனர். 2016 இல் முடிவு வெளிவந்தது. கதிர் பெற்றோரின் இடைநிலை வாழ்காலம் 9.2 வாரம், பெறாதோருடையது 8.5 வாரம். வாழ்வின் தரத்தையுஞ் சேர்த்துக் கணக்கிட்டபோது வேறுபாடு 4.7 நாள் மட்டுமேயாயிற்று. அவ்வைந்து நாளும் வைத்தியசாலைக்குச் சென்றுவர எடுத்த நேரமும் களைப்பும் இத்துடன் வைத்து எண்ணத்தக்கன. 1954 இன் அறிக்கை பொய்யென்று கொள்ளவேண்டியதில்லை. டெக்ஸாமெதசோன் வழக்கிற்கு வராத காலத்தில் கதிர் செய்த பணியின் பெரும்பகுதியைப் பின்னர் அம்மருந்து செய்தது என்றே கருத இடமுண்டு.

2004 இலும் 2007 இலும் இந்நோயின் சில வகைகளுக்குக் காரணமான மரபணு மாற்றங்கள் அறியப்பட்டபின், குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடையைக் கடக்கவல்ல மாத்திரைகள் ஆக்கப்பட்டன. 2017 இல் வெளியான ஓர் ஆய்வில், அலெக்ரினிப் பெற்றோருள் 12 வீதத்தினருக்கும் முந்திய மருந்தான கிறிசோரினிப் பெற்றோருள் 45 வீதத்தினருக்கும் மைய நரம்புத் தொகுதியில் நோய் முன்னேறியது. இம்மாற்றங்கள் உடையோருக்கு மாத்திரையா, கதிரா எது முந்த வேண்டும் என்பதில் வைத்தியரிடையே ஒத்த கருத்து இல்லை. அம்மாற்றங்கள் இல்லாத, உடல் தளர்ந்த நோயாளருக்கோ அம்மாத்திரைகள் உதவா. 'குவார்ட்ஸ்' விடுத்த வினா இன்றும் அவர்களைப் பற்றியதேயாகும்.